தேவையில்லாத முப்பது படிகள்

12.6.2000
நூலகத்தில் சட்லெஜ் நதியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மறுக்கத் தைரியமில்லை, ஒப்புக்கொண்டேன். திபெத்தில் பிறந்து, ஷிப்கி கணவாய் அருகே இமயத்தை அறுத்துக்கொண்டு நுழைகிற ஆறு. குறைந்த தூரத்தில் நிறைய இறக்கம். மின்சாரத்துக்கு வேண்டியது அதுதான். அதன் கரையில் பத்து வருடம் நீர்மட்டம் அளந்தவன் நான். பழைய நோட்டுகளை எடுக்க வேண்டும்.

19.6.2000
என்ன செய்துவிட்டேன்? 1971 நோட்டு. மின்நிலைய ஊழியர்களுக்கு எந்த உயரத்தில் வீடு கட்டலாம் என்ற கணக்கு. பனி உருகி ஏறும் ஐந்து மீட்டரை இரண்டு முறை கூட்டியிருக்கிறேன். வீடுகள் ஐந்து மீட்டர் அதிக உயரத்தில் நிற்கின்றன. முப்பது படிகள் வீண்.

அந்தப் படிகளில்தான் இன்று என் மகள் சங்கரி ஏறி இறங்குகிறாள். அதே நிலையத்தில் இன்ஜினியர். “இந்தப் படியைப் போட்ட மகராசன் என் கையில கிடைக்கட்டும்” என்று போன ஞாயிறுகூட ஃபோனில் சொன்னாள். நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

2.7.2000
அவளுக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதிவிட்டேன். தபாலில் போடவில்லை. என்னைப் பார்த்துத்தானே இந்தப் படிப்பை எடுத்தாள்?

14.7.2000
இன்றும் போடவில்லை.

1.8.2000
காலைச் செய்தி: சட்லெஜில் திடீர் வெள்ளம். பாலங்கள் போய்விட்டன. சங்கரிக்கு லைன் கிடைக்கவில்லை. என் மனைவி பிரபாவதி சாமி முன்னால் உட்கார்ந்தவள் எழவே இல்லை. நான் அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறேன். எதற்கு?

2.8.2000
லைன் இல்லை. மீன்காரி ஆராயி விஷயம் கேட்டாள். “இன்னா சாரு, ஆத்தைப் படிச்ச நீயே இப்டி நடுங்கினா அம்மா இன்னா பண்ணும்? எங்காளு கடலுக்குப் போனா நான் அடுப்பு பத்த வெக்காமலா கீறேன்? போய் ரெண்டு வாய் துன்னு.” நாலு சங்கரா மீனைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். சமைத்தோம்.

3.8.2000
மாலை நாலரைக்கு ஃபோன். சங்கரிதான். எல்லாரும் பத்திரம். “தண்ணி வாசலுக்கு எட்டுப் படி கீழ நின்னுடுச்சுப்பா. இன்னும் கீழ கட்டியிருந்தா நாங்க இல்ல.”

முப்பதில் எட்டு போக இருபத்திரண்டு. நான் சரியாகக் கூட்டியிருந்தால் — வேணாம், எழுத முடியல. நன்றி சொல்லணும். யாருக்கு? என் தப்புக்கா?

5.8.2000
கடிதத்தைப் போட்டுவிட்டேன்.

27.8.2000
பதில் வந்தது. “ஏழு குடும்பமும் உங்க தப்பு மேலதான் உக்காந்திருந்தோம். மேலிடத்துக்கு எழுதித் தொலைக்காதீங்கப்பா, இறக்கிக் கட்டிடுவாங்க.” பிரபாவதிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள், அழுதாள்.

நாளை நூலகத்தில் பேச்சு. கூட்டல் தவறையும் சொல்லிவிடுவேன்.

வெள்ளம் நின்ற இடத்தை டேப் வைத்து அளந்து அனுப்பியிருக்கிறாள். வாசலுக்கு ஒரு மீட்டர் முப்பத்திரண்டு கீழே. 1971 நோட்டில், வெள்ளப் பட்டியலின் கடைசி வரியில் ஏற்றினேன். ‘அளந்தவர்’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான். இந்த வரியில் சங்கரி என்று எழுதினேன்.