ஆந்தைக்கு நட்ட மட்டைகள்

மார்கழி 20, சனி

எழுத வேண்டியவை:
1. எலி.
2. ஆந்தை வரவில்லை.
3. பனைகளை வெட்டியதில் எனக்குப் பங்கில்லை.

சம்பா பால் பிடித்து நிற்கிறது. வயலின் நடுவில் இன்றும் ஒரு பாய் அளவுக்கு எலி வெட்டியிருக்கிறது. ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று பத்துத் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டிருந்தேன். தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஒன்றிலும் எச்சம் இல்லை.

பக்கத்து வயல் செல்வராசு சிரித்தார். "ஆந்தைக்கு நாற்காலி போட்டுட்டீங்க சார். வீட்டைத்தான் இடிச்சாச்சே!"

அவர் சொன்னது வாய்க்கால் கரையில் நின்ற ஏழு பனைகளை. டிராக்டர் போகக் கரையை அகலப்படுத்துகிறோம் என்று போன மாசியில் வெட்டினார்கள். அவற்றில் ஒரு மொட்டைப் பனையின் பொந்தில் ஆந்தைக் குஞ்சுகள் இருந்தன. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவனுக்கு அது தெரியாதா?

மரம் அறுக்க வந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம்தான் கேட்டார். "பொந்துல ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

ஊரே பாதைக்காகக் காத்து நின்றது. வேலையை நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "தெரியலைப்பா" என்றேன்.

இனி எத்தனை மட்டை நட்டாலும் பயனில்லை. ஆந்தைகள் வந்து தங்க அந்தக் கரையில் ஒரு மரம்கூட மிச்சமில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.