எல்லாப் பதிலும் தெரிந்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். என் எண்ணைப் பார்த்தாலே நீங்கள் போனை எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் தம்பி சரியாக இல்லை. காய்ச்சல், வலி என்று ஒன்றும் கிடையாது. மழை தொடங்கியதிலிருந்து கல்லூரிக்குப் போகவில்லை. போன வாரம்வரை, குளிக்கச் சொன்னால் குளியலறை வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். தட்டில் போட்டது போட்டபடி ஆறிக் கிடக்கும். சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது.

மனிதன் எதையும் ஏன் செய்கிறான் என்பதுதானே அவர் நடத்தும் பாடம்? முதலில் பசி, பிறகு பாதுகாப்பு, அதற்குமேல் பாசம், மதிப்பு, உச்சியில் தன் திறமையை முழுதாக வாழ்ந்து பார்ப்பது என்று பலகையில் படிப்படியாக வரைந்து காட்டுவார். இந்த மழைக்காலத்தில் அந்த முதல் படியில்கூட அவரால் கால் வைக்க முடியவில்லை. வீட்டில் அத்தனை கொள்கையையும் என்மேல்தான் சோதித்துப் பார்ப்பார். கோப்பை கை தவறி உடைந்தால், என் ஆழ்மனதில் காலமான அத்தைமேல் இன்னும் கோபமாம். சோப்பு வழுக்கியது என்றால் நம்ப மாட்டார். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்வார் என்றால் வீட்டிலுள்ள அத்தனை கோப்பையையும் உடைக்கத் தயாராக இருக்கிறேன்.

என்ன காரணம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். "காரணம் இருந்தா நானே கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கெஞ்சிக் கூத்தாடி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் உங்கள் தம்பியிடம் படித்தவர். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, ஒரு கேள்வித்தாளைக் கூச்சத்தோடு நீட்டினார். அக்கா, அந்தக் கேள்வித்தாளை வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறவரே இவர்தான். எந்தப் பதிலுக்கு என்ன மதிப்பெண், பொய்யைப் பிடிக்க வைத்திருக்கும் கேள்வி எது, எல்லாம் அத்துப்படி. முழுக்க நன்றாக இருந்தாலும் சந்தேகம் வரும் என்று ஓரிரண்டு இடத்தில் லேசான சோர்வு என்றும் குறித்தார். மருத்துவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "சார், பயப்பட ஒண்ணுமில்ல, ஓய்வு எடுங்க" என்றார்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வரும் ஓட்டுநர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும், வேறு பலகையைத் தொங்கவிடுவேன். மனதுக்கு வேறு பலகை எங்கே இருக்கிறது?

விடாமல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் தம்பி சிரித்துக்கொண்டே, "அவளுக்குச் சுபாவமே பதற்றம், சின்னதைப் பெருசாக்குவா" என்று, வகுப்பில் விளக்குவதுபோல என் குணத்தை விளக்கினார். மாணவரும் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையே அவர் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. கிளம்பும்போது மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர் வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து இதையே சொன்னா, ஆஸ்பத்திரியில சேர்த்துப் பார்க்கலாம்மா" என்றார். அவர் பக்கத்தில் பெரியவர் என்று உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அத்தான் இறந்த வீட்டில் அவர் உங்களிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "நீ அத்தானுக்காக அழலக்கா, இனிமே யாருக்கு நான் தேவைப்படுவேன்னு அழற" என்றார். எந்தத் தம்பியும் அக்காவிடம் சொல்லக் கூடாத வார்த்தை. "தம்பியா வர்றதுன்னா வா, வாத்தியாரா வராதே" என்று நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். படுத்த படுக்கையாக இருந்தபோதும் நான் வேலை முடிந்து வந்ததும், "அக்கா பேசிச்சா?" என்று மட்டும் கேட்பார்.

இந்த வாரம் அதைக் கேட்கவில்லை. இந்த வாரம் அவர் நன்றாக இருக்கிறார். அதுதான் என்னை உலுக்குகிறது. தானே எழுந்து சவரம் செய்துகொண்டார். சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். புத்தகங்களையெல்லாம் மாணவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். கேஸ் இணைப்பு யார் பெயரில், வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். பக்கத்து வீட்டம்மா, "சார் தேறிட்டாரு, கண்ணு படப் போகுது" என்றார். போனில் சொன்னபோது மருத்துவருக்கும் சந்தோஷம். ஆனால் உங்கள் தம்பியே மாணவர்களிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன், அக்கா. நாள்கணக்கில் சோர்ந்து கிடந்தவன் திடீரென்று அமைதியானால் மகிழாதீர்கள், அவன் ஏதோ முடிவெடுத்துவிட்டான், பக்கத்திலேயே இருங்கள் என்று. அந்தப் பாடத்தை மருத்துவருக்கு நினைவுபடுத்தினேன். "உங்களுக்குத்தான்மா ஓய்வு வேணும்" என்றார்.

கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். அவர் மாடிக்குப் போனால் துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போகிறேன். எதற்குப் பின்னால் வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். எத்தனை நாளைக்கு நான் ஒருத்தி கண் அசராமல் இருக்க முடியும்?

அவரை மன்னியுங்கள் என்று நான் கேட்கவில்லை. மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்காமலே வாருங்கள். அந்தக் கோபத்தோடேயே வந்து நடுவீட்டில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். உங்களிடம் திட்டு வாங்கவாவது அவர் இருக்கட்டும், அக்கா.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் தம்பி மனைவி