கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சந்தேகம்

அன்புள்ள கீழ்மாடிக்காரிக்கு,

மேல்மாடி அக்கா எழுதுகிறேன். இந்த மாதம் நீ இரண்டு முறை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. அக்காவுக்கு என்ன கோபமோ என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாய். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறு. முதலில் நம் பல்கலைக்கழகக் கதையைக் கேள்.

கற்பித்தல் மேம்பாட்டுக் குழு ஒருவழியாக ஜெயித்துவிட்டது. உன் கீழ்மாடி வகுப்பறையில் தரையோடு சேர்த்து முடுக்கி வைத்திருந்த பெஞ்சுகளையெல்லாம் பெயர்த்துவிட்டு, நகர்த்துகிற மாதிரி நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். மாணவர்கள் வட்டமாக உட்காரலாம், குழுக்குழுவாக உட்காரலாம். எத்தனை கூட்டத்தில் இதற்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருப்போம்! கட்டட அதிகாரி ஒவ்வொரு முறையும் "பாத்துக்கலாம் மேடம்" என்பார். பாவம், பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கடைசி வரிசையில் ஒரே ஒரு பழைய பெஞ்சை மட்டும் விட்டு வைக்கச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்டார். உனக்குத் தெரியும் எதற்கு என்று.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதானே உன்னைக் கண்டுபிடித்தோம். நேற்று அதன் மேல் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நேற்று நடந்தது போல இருந்தது. குழுவில் இருப்பவர்கள் ஓர் ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கப் போவதென்றால், அந்த ஆசிரியர் அழைத்தால்தான் போவோம். கடைசி பெஞ்சில் மாணவர்களாக உட்காருவோம். ஒரு வரி குறிப்பு எடுக்கக்கூடாது. முடிவில் ஆளுக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், அதுவும் நிஜமான சந்தேகமாக இருக்க வேண்டும். அன்றைக்கு எங்களை அழைத்திருந்தது பொருளாதார ஆசிரியர். அறை எதுவென்று எனக்குத் தெரியும் என்று வேதியியல் பேராசிரியர் நம்பினார். அவருக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும் என்று குழுவின் மாணவப் பிரதிநிதி நம்பினாள். மூன்று பேரும் கம்பீரமாகத் தப்பான வகுப்பில் நுழைந்தோம். பொருளாதாரக்காரர் மேல்மாடியில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாராம்.

நீ வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை, எங்களை யாரென்று கேட்கவும் இல்லை. "லேட்டா வந்தவங்க சீக்கிரம் உக்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டாய். பலகையைப் பார்த்ததுமே இது பொருளாதாரம் இல்லை, என் சொந்தப் பாடமான புள்ளியியல் என்று தெரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் நீ பதினோரு பிள்ளைகளை உயர வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு எழ மனம் வரவில்லை. அப்புறம் கடைசி பெஞ்சைக் கைகாட்டி, "அந்த நெட்டை சார் வந்து கடைசியில நில்லுங்க" என்றாய். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டகம் என்று அழைக்கிற வேதியியல் பேராசிரியர், நல்ல பிள்ளையாகப் போய் நின்றார்! சராசரி உயரம் ஒரே தாவலாகத் தாவியது. வரிசையின் நடுவில் இருந்தவர்களின் உயரம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. "ஒரே ஒருத்தர் வந்து சராசரியைத் தூக்கிட்டுப் போயிடுவார். அவரை நம்பி எல்லாருக்கும் சட்டை தைக்காதீங்க" என்றாய். வகுப்பே சிரித்தது. ஒட்டகமும் சிரித்தார்.

வெளியே வந்ததும் யாரோ உன்னிடம் நாங்கள் யார் என்று சொல்லிவிட்டார்கள். முகம் வெளுத்துப்போய் தாழ்வாரத்தில் ஓடி வந்தாய். "தற்காலிக வேலைதான் மேடம், அதையும் பிடுங்கிடாதீங்க" என்றாய். நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த வரிசைப் பாடத்தை நான் சுட்டுக்கலாமா?" நீ யோசித்துவிட்டு, "நெட்டையா ஒருத்தரை நீங்களே கூட்டிட்டு வரணும்" என்றாய். மேல்மாடிக்குப் போக வேண்டியவள் கீழ்மாடியில் நுழைந்ததால், அன்றிலிருந்து நீ எனக்குக் கீழ்மாடிக்காரி, நான் உனக்கு மேல்மாடி அக்கா.

சொதப்பல் மாலைகள் நினைவிருக்கிறதா? மாதம் ஒரு நாள், குழு அறையில் யாராவது ஓர் ஆசிரியர் தன் வகுப்பு எப்படி ஊற்றிக்கொண்டது என்று எழுந்து சொல்ல வேண்டும். முதல் மாலை யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் பெரிய மனிதர்கள் அல்லவா! நீதான் எழுந்து, பாதி வகுப்பு தூங்கிவிட்டதை, அதிலும் ஒருவன் குறட்டை விட்டதை, நடித்தே காட்டினாய். அதற்குப் பிறகு வரிசையில் நின்று சொன்னார்கள். ஒருவர் சொதப்பலுக்கு இன்னொருவர் வழி சொல்லுவார். எனக்குக் கற்பித்தல் என்றால் என்னவென்று அந்த அறையில்தான் புரிந்தது.

பிறகு உன்னை நிரந்தரமாக்கவில்லை. குழு ஒருமித்துப் பரிந்துரைத்தும், ஆய்வுக் கட்டுரைகள் போதாது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். இனி ஒரு வகுப்பு வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் யார் எந்த வயதில் போய்ச் சேருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய். நல்ல சம்பளம், மரியாதை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே உன்னிடம் சந்தேகம் கேட்க யார் இருக்கிறார்கள்?

இனி போன் விஷயம். எனக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. ஆனால் கட்டியோடு குரலும் போய்விட்டது. கிசுகிசுப்பாக நாலு வார்த்தை வருகிறது, அதற்கே வலிக்கிறது. வகுப்பு எடுக்கும் அளவுக்கு இனி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் பேசுவதை நிறுத்தினால் போதும் என்று வருஷக்கணக்காக வேண்டிக்கொண்ட என் வீட்டுக்காரர், இப்போது "வீடு ரொம்ப அமைதியா இருக்கு, பிடிக்கல" என்று வானொலியைப் போட்டு வைக்கிறார். பகலெல்லாம் அவர் முன்னால் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

என் முதலாமாண்டு வகுப்புக்கு என் பழைய ஒளிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினால் போதும் என்றார் துறைத் தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, மேசையைத் தட்டத்தான் முடிந்தது. நல்லவேளை, குழுவின் இப்போதைய மாணவப் பிரதிநிதி எழுந்து, "வீடியோகிட்ட சந்தேகம் கேட்டா அது என்ன சார் சொல்லும்?" என்று கேட்டான். குழு விடவில்லை. மூன்று கூட்டம் சண்டை போட்டு, கற்பித்தலை மட்டுமே பார்த்து ஆள் எடுக்கும் ஒரு நிரந்தர இடத்தை வாங்கிவிட்டது. கட்டுரைக் கணக்கு கிடையாது. வருபவர்கள் குழுவின் முன்னால் நிஜ மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உனக்குச் சலுகை ஒன்றும் கிடையாது, மற்றவர்களும் வருவார்கள். நீ எனக்கு வேண்டியவள் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், இந்தத் தேர்விலிருந்து நான் விலகிக்கொண்டேன். ஓட்டு எனக்கில்லை. உட்கார்ந்து கேட்க மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

விண்ணப்பிக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. நீ பட்ட அவமானத்தை நான் மறக்கவில்லை. வர மாட்டேன் என்றாலும் நீ என் தங்கைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் எனக்குப் பதிலாக ஒரு திரை பேசுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் பிள்ளைகள் முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் நீயாக இருக்க வேண்டும் என்று இந்த அக்காவுக்கு ஆசை.

ஒட்டகம் ஓய்வு பெற்றுவிட்டார். விஷயத்தைக் கேள்விப்பட்டதும், "நான் வந்து வரிசையில நிக்கிறேன்னு அவகிட்ட எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

நல்லா இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. வந்தால், வகுப்பு முடியும்போது பின்னால் ஒரு முறை பார். அந்தப் பழைய பெஞ்சில் ஒருத்தி கை தூக்கியிருப்பாள். அவளால் சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது. சந்தேகத்தைத் தாளில் எழுதி வைத்திருப்பாள். நீதான் அதை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும்.

உன்,
மேல்மாடி அக்கா