மூடிய கை

ரபாபின் அம்மாவுக்கு,

இந்தப் பாலைவனச் சிறைமுகாமில் காவலர்கள் எங்கள் மோதிரங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் ரமலான் மோதிர விளையாட்டைப் பேரீச்சங்கொட்டையை வைத்து ஆடுகிறோம்.

நேற்று எங்கள் அணியில் நாற்பது பேர். எல்லோரும் கையை மூடி நீட்டியிருக்க, கொட்டையை மறைத்திருந்தது நான். எதிரணித் தலைவர் மிக்தாத், நஜஃப் நகரத்து முடிவெட்டுபவர். முகத்தைப் பார்த்தே யார் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார், இதுவரை தோற்றதில்லை. என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்து ஆளின் கையைத் தட்டி, அதில்தான் இருக்கிறது என்றார்.

"கண்ணு மங்கிடுச்சா மிக்தாத்?" என்று கூடாரமே கேலி செய்தது. சிரித்துக்கொண்டார்.

பிறகு தனியே அவரிடம் காரணம் கேட்டேன்.

"கொட்டை தெரிஞ்சுது. காலையில ஆபீஸ்ல உன் விடுதலையப் பத்தி என்ன சொன்னாங்கன்னும் உன் முகத்துல தெரிஞ்சுது. இன்னிக்கு நீ எதுலயாவது ஜெயிக்கணும்ல?"

என்ன மனிதர், பார்.

பெருநாளுக்கென்று என் வெள்ளை அங்கியை வெளியே எடுக்காதே. மடித்தபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா