நூலில் நிற்காத பச்சைப் பொடி

உன் தகர டப்பாவை இன்று திறந்தேன். மழையில் நனைந்து புழுங்கிய வைக்கோல், அதன்மேல் குளத்துப் பாசி: அந்த நாற்றம் மூன்று வருடமாகியும் போகவில்லை. ஆடி ஒன்றாம் தேதி, வெண்ணந்தூர் முழுக்கத் தேங்காய் சுடும் வாசனை; நடுவில் உன் டப்பா. குமட்டியது.

நீயும் நானும் சாயத் தொழில் படிக்கத்தான் ஓசாகாவுக்குப் போனோம். நான் படித்தேன். நீ தின்றாய். வசந்தத்தில் உப்பிலிட்ட இலை சுற்றிய அரிசி உருண்டை. கோடையில் வழவழவென்று ஆடும் பயற்றுக் கட்டி. குளிர் தொடங்கினால் வேறொன்று. எதைத் தொட்டாலும் பயறு, சர்க்கரை, பிசுபிசுப்பு. அந்த உருண்டை என் மேலண்ணத்தில் பசையாய் ஒட்டி, விரல் விட்டு நோண்டியெடுத்ததை நினைத்தால் இப்போதும் வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

"போன மாசம் தின்னது இந்த மாசம் கெடைக்காதுடா. நம்மூர்ல ஆடிக்குத் தேங்கா சுடற மாதிரிதான்" என்பாய். தேங்காயையும் இந்தச் சளியையும் ஒன்றாக்காதே என்று திட்டினேன். தின்று முடித்ததும் பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீரில் போட்டு, மூங்கில் மத்தால் நுரைக்க அடித்துக் குடிப்பாய். "மொதல்ல இனிப்பு, அப்புறந்தான் இது. மாத்திக் குடிச்சுட்டு மூஞ்சியச் சுளிக்காதே." நான் இனிப்பைத் தொடாமல் ஒரு வாய் குடித்துத் துப்பினேன். அன்றோடு சரி.

பிறகு உனக்குக் காய்ச்சல். பதினோரு நாளில் போய்விட்டாய். உன் பெட்டியை நான்தான் கொண்டுவந்தேன். அதிலிருந்த டப்பாவில் பச்சைப் பொடியைக் கண்டதும் உன் அப்பா சாயமென்றே முடிவு கட்டினார். சாயக்கார வீட்டில் வேறென்ன தோன்றும்? வெந்நீரில் கரைத்து ஒரு சிட்டம் நூலை முக்கினார். இரண்டு அலசலில் பச்சை போய்ச் சாணிக் கறை மிஞ்சியது. "இதப் படிக்கவா கப்பலேறுனான்?" என்று நூலைத் தெருவில் எறிந்தாராம்.

மறுநாள் உன் அம்மா டப்பாவோடு என் பட்டறைக்கு வந்தார். அது சாயமில்லை, நீ குடித்த தேநீர் என்றேன். மோந்து பார்த்தார்.

"இதையா குடிச்சான்? நெசத்தச் சொல்லு சாமி. எம் பையன் சோறு தண்ணி புடிக்காமத்தான் செத்தானா?"

பட்டறையில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. அவர் எதிரிலேயே கலக்கி, முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல் குடித்தேன். "நல்லாத்தான் இருக்குங்கம்மா. அவன் ஆசையாக் குடிப்பான்." முதல் பாதி பொய். அவர் அழுகை நின்றது. டப்பாவை என்னிடமே விட்டுப்போனார். அதிலிருந்து ஆடிக்கு ஆடி சுட்ட தேங்காயோடு வருவார். நான் குடிப்பதைப் பார்த்த பிறகே எழுந்து போவார்.

இன்று அவர் வந்தபோது ஒரு கரண்டிதான் மிச்சம், அதுவும் பழுப்பேறிவிட்டது. ஜப்பானோடு சண்டை வந்துவிட்டதால் அங்கிருந்து இனி ஒரு பொட்டலமும் வராது.

"கடைசியா? எனக்கொரு வாய் குடு சாமி."

நான் கலக்கிய டம்ளரைத் தடுப்பதற்குள் வாங்கிக் குடித்து, வாசலில் துப்பினார்.

"தூ! மூணு வருசமா என்னய ஏமாத்தியிருக்கறே. கசாயம்னாலே ஊட்டவுட்டு ஓடறவன், இதக் குடிச்சானா? பட்டினியாத்தான் கெடந்திருக்கறான்!"

அப்போதுதான் உன் அதட்டல் நினைவுக்கு வந்தது.

"இருங்கம்மா. அவன் வெறும் வாயில குடிக்கமாட்டான்."

தேங்காயை உடைத்தேன். உள்ளே வெல்லப்பாகில் வெந்திருந்த பாசிப்பருப்பை வழித்துக் கொடுத்தேன். அவர் மென்று விழுங்கும்வரை பொறுத்து, டம்ளரை நீட்டினேன். ஒரு வாய். சற்று நிறுத்தி இன்னொரு வாய்.

"அட, இப்ப எறங்குதே!" டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெல்லத்தக் காட்டுனாத்தான் கசாயத்துக்கு வாயத் தொறப்பான். அங்கபோயும் அதே வேலையா, திருட்டுப்பய!"

சிரித்துக்கொண்டே எனக்கும் அடியில் கொஞ்சம் வைத்தார். பருப்பைத் தின்றுவிட்டுக் குடித்தேன். அப்போதும் குமட்டத்தான் செய்தது. உன்னிடம் எதற்கு மறைக்க?

காலி டப்பாவை அவர் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வைக்கோல் நாற்றம் என் விரல்களில் இருக்கிறது. கை கழுவச் சோப்பு பக்கத்திலேயேதான் கிடக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.