பூனைப் படக்கதையும் என் கையெழுத்தும்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. புத்தகத்தைக் கண்டாலே காத தூரம் ஓடும் உங்கள் மகள் இங்கிலீஷ் புத்தகம் படிக்கிறாள்! படிப்பு கசக்கும் பிள்ளைகளுக்கும், இவளைப் போல இங்கிலீஷ் புதிதாகக் கற்பவர்களுக்கும் பள்ளி நூலகத்தில் தனித் தட்டு இருக்கிறதாம். எல்லாம் வீட்டில் வளர்க்கும் நாய், பூனை, முயல் பற்றிய படக்கதைகள். கட்டத்துக்குக் கட்டம் படம், வாயருகே இரண்டு வார்த்தை. சாப்பிடும்போதும் அதுதான் கையில். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிறாள், தப்பாகச் சொன்னால் டீச்சர் மாதிரி முறைக்கிறாள். இனி எந்தப் பூனையாவது என்னிடம் இங்கிலீஷில் பேசினால் சமாளித்துவிடுவேன்.

நேற்று சாயங்காலம் ஒரு கிழட்டுப் பூனையின் கதை. டாக்டர் ஒரு தாளை நீட்டுகிறார். வீட்டு அம்மா அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறாள். அடுத்த கட்டத்தில் ஊசி. அதற்கடுத்து, பூனையின் கூடை காலி. பாப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், செத்துப்போன நம் நாய் குண்டுவின் கழுத்துப் பட்டையோடு நான் பீரோவில் வைத்திருந்த இங்கிலீஷ் ஆஸ்பத்திரித் தாளை எடுத்து வந்தாள். புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

குண்டுவுக்கும் அந்த ஊசியைப் போடச் சொல்லி நீதான் எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றாள். கீழே என் கையெழுத்து.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரோடு போனில் பேசியது நீங்கள். ஆபரேஷனுக்கு என்று சொன்னதும் நீங்கள். கோடு இருக்கிற இடத்தில் போடு என்றீர்கள், போட்டேன். பிழைத்து வரும் என்று அதன் சங்கிலியைப் பிடித்தபடி வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே! உண்மையைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். ஆனால் உள்ளே போய் அதன் தலையைத் தடவிக் கொடுத்திருப்பேன். நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? உங்களோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான்.

எனக்குத் தெரியாது என்று பாப்பாவிடம் சொன்னேன். தெரியாமல் யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டாள்.

இன்று காலை அவளாகவே வந்து, போன வாரம் நீங்கள் தபாலில் அனுப்பிய தாள்களைக் கேட்டாள். சும்மா ஆபீஸ் விஷயம், பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றீர்களே, அவைதான். படம் இல்லாததால் மெதுவாகத்தான் நகர்கிறாள். முதல் பக்கத்தில் கோர்ட் என்ற வார்த்தையும், அதன் கீழே நம் மூவர் பெயரும் இருக்கிறதாம். தன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வார்த்தை மட்டும் புரியவில்லையாம். நாளைக்கு டீச்சரிடம் கேட்கப் போகிறாளாம்.

வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாருங்கள். அது என்னவென்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் வாயால் என்னைக் கேட்கவைக்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தில் மட்டும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்,
உங்கள் மனைவி