பழைய சர்வரில் தங்கிவிட்ட மூன்று கடிதங்கள்

பம்ப் ஹவுஸ் மகாராஜாவுக்கு,

உங்கள் தபால்காரி எழுதுவது. நானும் உங்கள் மகள் வாலுவும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மற்ற நலம் விசாரிப்பெல்லாம் கீழே வரும். முதலில் ஒரு விஷயம். சனிக்கிழமை அந்த நீட்டிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இதைக் கடைசி வரை படியுங்கள், நான் சொல்கிற இடத்தில் போய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

காலையில் போன் செய்தேன். வாட்ச்மேன் எடுத்து, சார் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார் என்றார். நீங்களே எடுத்திருந்தாலும் அந்த மோட்டார் சத்தத்தில் நான் ஒன்று சொல்ல, உங்கள் காதில் வேறொன்று விழ, கடைசியில் இருவரும் சரி சரி என்று சொல்லி வைத்திருப்போம். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் மெயில் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் சர்வர் அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஏசி எலும்பைத் துளைக்கிறது. உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டரைத்தான் போட்டிருக்கிறேன்.

போன தடவை நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வீட்டோடு இருக்கிற மாதிரி தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டேன், முடியும் முடியாது என்று ஒரு வரி பதில் இல்லை, நம்மை ஒரு மனுஷனாகவே மதிக்கவில்லை, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு இங்கேயே கிடக்கிறேன், குளிர் வருகிறது, ஸ்வெட்டரைப் பார்சலில் அனுப்பு என்று மூச்சுவிடாமல் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம் உங்கள் மேலா, மாற்றலைப் பார்க்கிற பர்சனல் பிரிவின் மேலா என்று தெரியவில்லை. பாத்திரங்களின் மேல் காட்டினேன். வாலு சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. குக்கரின் கைப்பிடி ஆடுகிறது. அதுவும் உங்கள் கணக்குதான்.

இந்த நிலையில் நேற்று ஸ்டோர் அண்ணன் எங்கள் அறைக்கே வந்து நின்றார். எப்போதும் கதவைத் திறக்கும்போதே கிண்டல் செய்கிறவர், நேற்று நாற்காலியில்கூட உட்காரவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கு என் மேல ஏதாவது கோபமாம்மா? பம்புல தண்ணி கசியாம இருக்க எந்த சைஸ் சீல் வேணும்னு கேட்டு ரெண்டு தடவை மெயில் போட்டேன். பதிலே இல்ல" என்றார். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே எழுந்துபோய் மோட்டார் சீல் பற்றிப் போனில் பேசிய மனிதர் நீங்கள். சீல் என்று ஒருவர் கேட்டு நீங்கள் பதில் போடாமல் இருப்பீர்களா? அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஆபீஸ் மெயிலையெல்லாம் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேர் வந்தாயிற்று. ஸ்டோரும் பர்சனலும் கடைசி, அவர்கள் இன்னும் பழையதில்தான். உங்களை முதல் தொகுதியிலேயே போட்டேன். எங்கள் பிரிவில் வழக்கமே அதுதான். எதையும் முதலில் சொந்தக்காரர்கள் தலையில்தான் பரிசோதிப்போம், கெட்டுப்போனாலும் மேலிடத்துக்குப் புகார் போகாது. என் பக்கத்து சீட்காரர் வண்டிப் பிரிவில் இருக்கிற தன் மச்சானைப் போட்டார். நான் உங்களைப் போட்டேன்.

ஸ்டோர் அண்ணன் போனதும் சோதித்துப் பார்த்தேன். என் பெட்டியிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில், அது போய்விட்டது. வெளியிலிருந்து ஒன்று, அதுவும் போய்விட்டது. பழைய சர்வரில் சோதனைக்கென்று வைத்திருக்கிற பெட்டியிலிருந்து ஒன்று போட்டேன். அது உங்கள் புதுப் பெட்டிக்கு வரவும் இல்லை, போக முடியவில்லை என்று திரும்பவும் இல்லை. பழைய சர்வரின் பதிவைப் பார்த்தால், சேர்த்தாயிற்று என்று சத்தியம் செய்கிறது.

அது பொய் சொல்லவில்லை. உங்களுடைய பழைய பெட்டியில் ஒழுங்காகச் சேர்த்திருக்கிறது. ஒருவரைப் புது இடத்துக்கு மாற்றினால் பழைய பெட்டியை மூடிவிட வேண்டும். பெட்டி இல்லையென்றால்தான், ஆள் இங்கே இல்லை என்று தெரிந்து பழைய சர்வர் கடிதத்தைப் புதிய சர்வரிடம் கொடுக்கும். மாற்றின எல்லோருடையதையும் மூடினோம், உங்களுடையதைத் தவிர. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாயிற்று என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், நான் ஒரு தடவை நிதானமாகப் பார்க்கிறேன், அதுவரை பழையதை எடுத்துவிடாதே என்று சொன்னது யார்? துருப்பிடித்த நட்டைக்கூடத் தூக்கிப்போட மனசு வராத ஆளாயிற்றே. கட்டின புருஷன் கேட்கிறாரே என்று நானும் விட்டுவைத்தேன். வீட்டைக் காலி செய்த பிறகும் பெயர்ப்பலகை பழைய கதவில் தொங்கினால் தபால்காரர் என்ன செய்வார், அங்கேதானே போட்டுவிட்டுப் போவார். ஆக, இதில் பாதிப் பங்கு உங்களுக்கு, பாதி எனக்கு.

அந்தப் பெட்டிக்கு வந்தவற்றின் பதிவைப் பார்த்தேன். யாரிடமிருந்து, எப்போது என்று மட்டும்தான் அதில் இருக்கும். ஸ்டோரிலிருந்து இரண்டு. பர்சனல் பிரிவிலிருந்து மூன்று.

மூன்று கடிதம். ஒரு வரி பதில் இல்லை என்று நீங்கள் அங்கே பொருமிக்கொண்டிருக்க, அவர்கள் உங்களுக்கு மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திறந்து பார்க்கவில்லை. ராத்திரி வீட்டில் சொன்னபோது வாலுவும் கேட்டாள், "அப்பா பெட்டிதானேம்மா, திறந்து பார்த்தா என்ன?" என்று. அப்பா பெட்டியும் பெட்டிதான் என்றேன். ஆயிரம் பேருடைய கடிதம் என் கை வழியாகப் போகிறது. இவள் பார்க்கமாட்டாள் என்கிற நம்பிக்கையில்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒன்றைத் திறந்துவிட்டால் அடுத்ததற்குக் கை கூசாது. ஆனால் சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று சாயங்காலமே நேராக மாடிக்குப் போய் பர்சனல் மேடத்தைப் பார்த்தேன். மெயில் தவறான இடத்தில் விழுந்த கதையைச் சொன்னேன். அவர் என்னைவிடக் கெட்டி. கடிதம் அவருக்கு, சம்சாரத்திடம் சொல்ல முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை, ஒரே ஜாதி என்று தெரிந்துபோயிற்று. கதவு வரை வந்தபோது கூப்பிட்டார். "பதில் வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். இதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் பொறுத்துக்கறேன்" என்றார். முடியாது என்பதற்கு அடுத்த ஆள் எதற்கு என்று படியில் இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே வந்த கணக்குப் பிரிவுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது கவனமாகப் படியுங்கள். அந்தக் கடிதங்களைப் பிரிக்காமலே உங்கள் புதுப் பெட்டிக்கு நகர்த்திவிட்டேன். ஆனால் அவை மேலே வராது. எந்தத் தேதியில் அனுப்பினார்களோ அந்தத் தேதிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். போன மாதம் வரை கீழே இறங்கிப் போங்கள். நீங்கள் இன்னும் படிக்காததால் தடித்த எழுத்தில் இருக்கும். பர்சனலுக்குப் பதில் இன்றைக்கே போடுங்கள், ஸ்டோர் அண்ணனுக்கு அப்புறம். உங்கள் சுபாவத்துக்கு சீலை முதலில் எடுப்பீர்கள், அதனால் சொல்கிறேன். நீங்கள் புதுப் பெட்டியிலிருந்து பழைய சர்வருக்கு அனுப்புவதில் பிரச்சினை இல்லை, சோதித்துவிட்டேன். பதில் போனால் பதிவில் எனக்குத் தெரியும். என்ன போகிறது என்று பார்க்கமாட்டேன்.

இனிமேல் பழைய பெட்டியில் எது விழுந்தாலும் புதியதற்கு வருகிற மாதிரி செய்திருக்கிறேன். அது தற்காலிகம்தான். பழையதை மூடினால்தான் நிம்மதி. உங்களைக் கேட்காமல் மூடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். மூடிவிடட்டுமா? ஒரு வரி எழுதுங்கள்.

வாலு உங்கள் மேஜையைத் தனக்குப் பிடித்துக்கொண்டாள். சுவரோரம் உங்களுக்கு இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்று இன்று காலை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்து இல்லை, அவளாகவே அளந்தாள்.

என்ன முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. கிணறும் மோட்டாரும் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். கோபத்தில் முடிவெடுக்காதீர்கள், அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஈரத் துணியோடு நிற்காதீர்கள். எந்தக் குறையும் வராமல் நன்றாக இருங்கள்.

ஸ்வெட்டரைப் பார்சலில் அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தபால்காரி